செந்நண்டு வலசை: கிறிஸ்துமஸ் தீவில் மழையும் பிறையும்

இந்து மகா சமுத்திரத்தில், ஜாவாத் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் கிறிஸ்துமஸ் தீவு உள்ளது. அதன் பரப்பு 135 சதுர கிலோமீட்டரே. 1643-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாளன்று வில்லியம் மைனர்ஸ் என்னும் ஆங்கிலக் கப்பல் தலைவர் அதனைக் கண்டு பெயரிட்டார். அதன் பின்னர் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அங்கு நிலையாகக் குடியேறியவர் எவருமிலர். 1888-இல் முதற் குடியேற்றம் ஏற்பட்டது. பாஸ்பேட்டுத் தாதுவை அகழ்ந்தெடுக்கும் தொழில் அதனைத் தொடர்ந்தது. சிங்கப்பூரிலிருந்து ஆளப்பட்டுவந்த அத்தீவு 1958-இல் ஆஸ்திரேலியாவின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. 1980-இல் அங்கு அமைக்கப்பட்ட தேசியப் பூங்கா பின்னர் விரிவாக்கப்பட்டு, இன்று தீவின் பரப்பில் மூன்றில் இரு பங்கினைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

இத்தீவுக்கு வரும் பயணிகளிற் பெரும்பாலோர் காண விழைவது ஒரே காட்சியாகும். காட்டில் வாழும் கோடிக்கணக்கான சிவந்த நண்டுகள் ஆண்டுக்கு ஒருமுறை ஒருசேரப் புறப்பட்டுக் கடலை நோக்கி நடந்து செல்கின்றன. இதனை எந்நாளில் வந்தால் காணலாம் என்பதே வழிகாட்டிகளிடம் முதற்கண் கேட்கப்படும் வினா. அனுபவம் மிக்க வழிகாட்டியும் அதற்கு ஒரு தேதியை விடையாகத் தருவதில்லை. இரண்டு அல்லது மூன்று தேதிகளைக் கூறி, இவற்றுள் எது என்பது மழையைப் பொறுத்தது என்பார். இது தட்டிக் கழிக்கும் விடையன்று. நண்டின் உடலமைப்பு, சந்திரனின் கலை, பருவமழை ஆகிய மூன்றும் கூடி அந்நாளைக் குறிக்கின்றன. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்க்கு இக்கணக்கு கடினமானதன்று.

நிலத்தில் வாழும் நீர்ப்பிராணி

கிறிஸ்துமஸ் தீவு கடலடியிலிருந்து எழுந்த எரிமலை ஒன்றன் உச்சியாகும். அதன்மேற் பவளச் சுண்ணாம்புப் பாறை போர்த்துள்ளது. கரையின் பெரும்பகுதி செங்குத்தான பாறைச் சுவர். மணற்கரைகள் மிகச் சிலவே. கரையிலிருந்து நிலம் படிப்படியாக உயர்ந்து நடுவில் மேட்டுநிலமாகப் பரந்துள்ளது. மிக உயர்ந்த இடம் 361 மீட்டர். இம்மேட்டுநிலத்தை மூடியுள்ள மழைக்காடே செந்நண்டின் உறைவிடம்.

விலங்கியலார் இதனைக் கெகார்காய்டியா நடாலிஸ் என வழங்குவர். நன்கு வளர்ந்த நண்டின் ஓடு 11 அல்லது 12 சென்டிமீட்டர் அகலமிருக்கும். ஆண் நண்டு பெண்ணைவிடப் பெரியது. அதன் கொடுக்குகளும் பெரியவை. நிலத்திலேயே காலங் கழிப்பினும் இப்பிராணி செவுள்களாலேயே சுவாசிக்கின்றது. செவுள் உலர்ந்துவிடின் நண்டு மூச்சுவிட இயலாது மடியும். ஆகையால் கடும் வெயிலும் வறட்சியும் அதற்குக் கொடும் பகைகளாம். வறண்ட பருவத்தில் அது தன் வளைக்குட் புகுந்து, வாயைச் சருகுகளால் அடைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் ஈரத்தைக் காத்துக் கிடக்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் வெளிவந்து, உதிர்ந்த இலைகளையும் பழங்களையும் முளைவிட்ட கன்றுகளையும் தின்னும். இக்காட்டின் தரை பெருக்கி வைத்தாற்போலச் சருகின்றியும் புதரின்றியும் இருப்பதற்குக் காரணம் இந்நண்டுகளே. எந்த மரத்தின் கன்று பிழைக்கும், எது பிழையாது என்பதனையும் பெரும்பாலும் அவையே தீர்மானிக்கின்றன.

தன் வாழ்நாளை நிலத்திற் கழிக்கும் இந்நண்டு, இனப்பெருக்கத்துக்கு மட்டும் கடலை விட்டு விலகவில்லை. அதன் இளவுயிரிகள் உப்புநீரிலன்றி வளரா. வலசைக்கு அடிப்படைக் காரணம் இதுவே. ஆயின், சில கிலோமீட்டர் நடப்பது இப்பிராணிக்குச் சிறு காரியமன்று. வறண்ட பருவத்தில் சிறிது தொலைவு நடந்தாலே அது களைத்துவிடும். வலசைக் காலத்திலோ நாட்கணக்கில் நடந்து செல்கின்றது. உடலிற் சேமித்துள்ள சர்க்கரைப் பொருளைச் செலவிடும் அளவை ஒரு சுரப்புநீர் கட்டுப்படுத்துவதும், பருவத்துக்கேற்ப அக்கட்டுப்பாடு மாறுவதும் ஆராய்ச்சியால் வெளிப்பட்டுள்ளன.

பயணத்தின் ஒழுங்கு

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கிலுள்ள இத்தீவில் மழைப்பருவம் ஆண்டின் இறுதித் திங்கள்களில் தொடங்குகின்றது. அப்பருவத்தின் முதல் நல்ல மழையே புறப்பாட்டுக்கு அடையாளம். பெரும்பாலும் அக்டோபர் அல்லது நவம்பரில் இது நிகழும். சில ஆண்டுகளில் டிசம்பருக்கும் ஜனவரிக்கும் தள்ளிப்போவதும் உண்டு.

முதலிற் கிளம்புவன ஆண் நண்டுகள். பெண் நண்டுகள் வழியில் வந்து சேர்ந்துகொள்ளும். காலையிளம்பொழுதிலும் மாலையிலும் நடந்து, நண்பகல் வெயிலில் நிழலில் ஒதுங்கி இளைப்பாறும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் கரையை அடையும். அடைந்தவுடன் ஆண் நண்டுகள் கடலில் முழுகி, பயணத்தில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்துகொள்ளும். பின்னர்க் கரையோரப் படிநிலத்தில் வளை தோண்டும். இடம் குறைவு, நண்டுகளோ மிகப் பல. ஆதலால் வளைக்காக நடைபெறும் போராட்டம் கடுமையானது. பெண் நண்டுகளும் வந்து முழுகியபின் இணைசேர்தல் வளைகளிலும் அவற்றின் அருகிலும் நடைபெறும். இணைந்தபின் ஆண் நண்டுகள் மீண்டும் ஒருமுறை முழுகிவிட்டுக் காட்டை நோக்கித் திரும்பிவிடுகின்றன. எஞ்சிய பொறுப்பு முழுவதும் பெண் நண்டினுடையது.

இணைந்த மூன்று நாட்களுக்குள் பெண் நண்டு சினையிடுகின்றது. ஒரு லட்சம் வரையிலான முட்டைகளை வயிற்றடியிலுள்ள மடிப்பிற் சுமந்துகொண்டு, ஈரமான வளைக்குள் 12 அல்லது 13 நாட்கள் அது காத்திருக்கும். குறித்த நாள் வந்ததும் வளையை விட்டு நீர்விளிம்புக்கு இறங்கும். நிழலுள்ள பாறைகளில் ஒரு சதுர மீட்டருக்கு நூறு நண்டுகள்கூட நெருங்கி நிற்பதுண்டு. விடியலுக்கு முன்னர், ஏற்றநீர் வற்றத் திரும்பும் வேளையில், அவை முட்டைகளைக் கடலில் உதறுகின்றன. நீர் பட்டவுடன் முட்டைகள் பொரிந்து இளவுயிரிகள் வெளிப்படும். இவ்வாறு ஐந்தாறு இரவுகள் தொடர்ந்து நடைபெறும்.

நாட்கணக்கு

முட்டைகளை விடும் நாள் எது? சந்திரன் தேய்ந்து, கடைசிக் காற்பகுதிக்கு வரும் நாட்களை ஒட்டியே இஃது அமைகின்றது. வானநூலார் கடைசிக் கால் எனக் குறிக்கும் அக்கணம், நம் பஞ்சாங்கத்தில் தேய்பிறை அஷ்டமியின் நடுவில் விழுகின்றது. ஆகவே, தமிழ்ப் பஞ்சாங்கம் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் அக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள தேய்பிறை அஷ்டமிகளைக் குறித்துக்கொண்டாலே, வழிகாட்டி கூறும் தேதிகளைத் தாமே ஏறத்தாழக் கண்டுவிடலாம்.

அஷ்டமிக்கு என்ன சிறப்பு எனின், அந்நாளில் பூமியிலிருந்து நோக்கும்பொழுது சூரியனும் சந்திரனும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிற்கின்றன. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டின் ஈர்ப்பும் ஒரே நேர்க்கோட்டிற் கூடிக் கடலைப் பெரிதும் ஏற்றி இறக்குகின்றன. அஷ்டமியிலோ ஒன்றன் ஈர்ப்பை மற்றொன்று ஓரளவு தணிக்கின்றது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு அப்பொழுது மிகக் குறைவு. நிலத்து நண்டு நீந்தி வாழும் பிராணியன்று. வழுக்குப் பாறையில் நின்று முட்டையை உதறும்போது அலை இழுத்துச் செல்லின் அதன் வாழ்வு முடிந்தது. நீர்மட்டம் பெரிதும் மாறாத நாளே அதற்கு இடையூறு குறைந்த நாள். மாதத்தில் இரண்டு அஷ்டமிகள் உள்ளனவாயினும் செந்நண்டு தேய்பிறையையே நாடுகின்றது.

இனி, கணக்கைப் பின்னோக்கிச் செய்து பார்ப்போம். 2024-ஆம் ஆண்டில் கடைசிக் கால்நிலவு நவம்பர் 23-ஆம் நாள் வந்தது. அதனை எடுத்துக்காட்டாகக் கொள்க. சினை சுமக்கும் 12 அல்லது 13 நாட்களைக் கழித்தால் நவம்பர் 10 அல்லது 11 ஆகும். இணைசேர்ந்து சினையிடுதற்குரிய மூன்று நாட்களைக் கழித்தால் 7 அல்லது 8. நடைக்கும் வளை தோண்டுதற்கும் ஒரு வாரம் வேண்டும். ஆகவே அக்டோபர் இறுதியில் மழை பெய்தாலன்றி அந்த அஷ்டமிக்கு நண்டுகள் ஆயத்தமாக இரா. அதற்கு வெகு முன்னரே மழை பெய்துவிடின், அவை வழியில் தங்கி இரைதேடிக்கொண்டு மெல்லச் செல்லும். சற்றுத் தாமதித்துப் பெய்தால் விரைந்து நடக்கும். நவம்பர் நடுவிற்றான் மழை தொடங்கிற்றெனில், அந்த அஷ்டமியைக் கைவிட்டு அடுத்ததற்கு, அதாவது டிசம்பர் 22-ஐ ஒட்டிய நாட்களுக்கு, அவை காத்திருக்க வேண்டும். நிலவின் தேதியை நூறாண்டுகளுக்கு முன்னரே கணித்துவிடலாம். முதல் மழையின் தேதியை அவ்வாறு கணித்தல் இயலாது. வழிகாட்டி ஒரு தேதியைக் கூறாமைக்குக் காரணம் இதுவே.

2023-ஆம் ஆண்டின் இறுதியில் இது நன்கு புலப்பட்டது. பசிபிக் கடலில் எல் நினோ நிலையும், இந்து மகா சமுத்திரத்தின் கிழக்குப் பகுதி வழக்கத்தினும் குளிர்ந்த நிலையும் அவ்வாண்டில் ஒருங்கே அமைந்தன. தீவில் மழை பொய்த்தது. ஒன்றன்பின் ஒன்றாக அஷ்டமிகள் கடந்தன. வலசை 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குத் தள்ளிப்போயிற்று.

கடலிற் கலந்த இளவுயிரிகள் மூன்று நான்கு வாரங்கள் அலையோடு மிதந்து, பலமுறை தோலுரித்து வளர்கின்றன. இவற்றுட் பெரும்பாலானவை மீன்களுக்கும் திருக்கைகளுக்கும் இரையாகும். உலகின் மிகப் பெரிய மீனாகிய திமிங்கிலச் சுறா இப்பருவத்தில் தீவின் அருகே வருவதும் இவ்விருந்தை நாடியே. பெரும்பாலான ஆண்டுகளில் கரைக்குத் திரும்பும் குஞ்சுகள் மிகச் சில. ஒன்றுகூடத் திரும்பாத ஆண்டுகளும் உண்டு. பத்தாண்டுகளில் ஓரிரு முறை மட்டும், ஐந்து மில்லிமீட்டர் அளவான குஞ்சுகள் கணக்கற்றுத் தோன்றிப் பாறைகளையும் பாதைகளையும் செம்மண் தூவியதுபோல் மூடிவிடுகின்றன. ஏறத்தாழ ஒன்பது நாட்களில் அவை மேட்டுநிலத்தை அடைந்து, சருகினடியிலும் பாறையிடுக்குகளிலும் மறைந்துவிடும். நான்கைந்து ஆண்டுகள் கழித்தே அவை முதன்முறையாக வலசை புறப்படும். ஒரு நல்ல ஆண்டின் விளைவைக் கொண்டு பல தீய ஆண்டுகளைத் தாங்கும் இனம் இது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்; பின்னர்க் கூறப்படும் கேட்டின் அளவை உணர்வதற்கு இஃது இன்றியமையாதது.

வழிகாட்டியின் பணி

வலசைக் காலத்தில் பூங்கா அதிகாரிகள் சில சாலைகளை முற்றிலும் மூடிவிடுகின்றனர். எச்சாலை திறந்துள்ளது, எது மூடப்பட்டது என்பது நாள்தோறும் அறிவிக்கப்படும். பிற சாலைகளின் ஓரங்களில் தடுப்புகள் அமைக்கப்பட்டுள்ளன. அவற்றை ஒட்டி நடக்கும் நண்டுகள் சாலைக்கடியில் உள்ள சுரங்கவழிகளைச் சென்றடையும். ஓரிடத்தில் ஐந்து மீட்டர் உயரமுள்ள பாலம் ஒன்றும் நண்டுகளுக்கென்றே கட்டப்பட்டுள்ளது. உள்ளூர் மக்கள் வண்டியில் வாருகோல் ஒன்றை வைத்திருந்து, வழியிலுள்ள நண்டுகளை மெல்ல ஒதுக்கியபின் வண்டியைச் செலுத்துவது வழக்கம்.

பயணிகளை அழைத்துச் செல்பவர் இவற்றையெல்லாம் அறிந்திருத்தல் வேண்டும். முட்டை விடுதலைக் காண பிளையிங் பிஷ் கோவ், எத்தல் கடற்கரை ஆகிய இடங்கள் ஏற்றவை. விடியலுக்கு முன்னரே அங்கு சென்று, நீர்விளிம்புக்கு இறங்கும் நண்டுகளின் வழியை மறிக்காது ஒருபுறமாக நிற்க வேண்டும். வளையிற் காத்துநின்று களைத்த பெண் நண்டு, மனிதர் காலடியைக் கண்டு பின்வாங்கின், மீண்டும் இறங்குதற்கு அதனிடம் எஞ்சிய பொழுது சிறிதே. நல்ல வழிகாட்டியின் திறமை, காட்சியை அருகிற் கொண்டுவந்து காட்டுவதில் இல்லை. கூட்டத்தை எவ்வளவு தொலைவில் நிறுத்தலாம் என்று அறிந்து நிறுத்துவதில் உள்ளது.

நண்டின் பருவம் தவிர்ந்த காலத்திலும் தீவில் காண்பதற்குப் பல உள. ஆபட்ஸ் பூபி என்னும் பெருங் கடற்பறவை உலகில் வேறெங்கும் கூடு கட்டுவதில்லை. உயர்ந்த மரத்தில் ஒரே முட்டையிட்டு, ஓராண்டுக்கு மேலும் குஞ்சைப் பேணுவதால், ஆண்டுதோறும் அஃது இனம் பெருக்க இயலாது. ஆன்ட்ரூஸ் என்னும் இயற்கை நூலாரின் பெயர்தாங்கிய பிரிகேட் பறவையும் இங்கு மட்டுமே குஞ்சு பொரிக்கின்றது. பொன்னிறம் ஏறிய வெண்வாற் கடற்பறவையொன்றைத் தீவினர் கோல்டன் போசன் என்பர். செப்டம்பரை ஒட்டி நடத்தப்பெறும் பறவை வாரத்தில் ஆராய்ச்சியாளருடன் பயணிகளும் காட்டுக்குட் செல்கின்றனர். நம் நிக்கோபார்த் தீவுகளில் அருகிக் காணப்படும் தேங்காய் நண்டு, கிறிஸ்துமஸ் தீவில் சாலையோரத்திலேயே உலவக் காணலாம். ஆயினும் இப்பட்டியல் நீள்வதில்லை, குறைந்தே வருகின்றது. தீவுக்கே உரிய சிறு வௌவால் ஒன்றன் ஒலி 2009 ஆகஸ்டில் கடைசியாகக் கேட்கப்பட்டது; அதன்பின் அவ்வினம் அழிந்தொழிந்தது.

எறும்பும் அரக்குப் பூச்சியும்

செந்நண்டுக்கும் அத்தகைய கேடு நேரவிருந்தது. வெப்ப நாடுகள் பலவற்றிற் பரவியுள்ள மஞ்சள் கிறுக்கெறும்பு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பற் சரக்கோடு இத்தீவை அடைந்தது. பல்லாண்டுகள் அது பெருந்தீங்கு எதனையும் விளைக்கவில்லை. 1989-இல் அதன் பெருங்குடியிருப்பு ஒன்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதிற் பல அரசியெறும்புகள் ஒருங்கு வாழ்கின்றன. ஒரு குடியிருப்பே பல ஹெக்டேர் பரவும். அடுத்த பத்தாண்டுகளில் காட்டின் பெரும்பகுதிகளை இவை கவர்ந்துகொண்டன.

இவ்வெறும்பு கொட்டுவதில்லை, பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகின்றது. கண்களிலும் வாயிலும் அமிலம் பட்ட நண்டு குருடாகி ஓரிரு நாட்களில் இறந்துபடும். கொல்லப்பட்டவை ஒரு கோடிக்கு மேலாகும். எறும்பு இல்லாத காட்டிலிருந்து வலசை புறப்பட்ட நண்டுகளும், வழியிற் குடியிருப்பைக் கடக்கும்போது மடிந்தன. அதனால் எறும்பு நுழையாத காடுகளும் நண்டற்றுப் போயின. நண்டு அற்ற இடத்தில் சருகு குவிந்தது. கன்றுகள் அடர்ந்து புதராயின. முன்னர் நண்டுகளால் தடுக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க நத்தை உள்ளே புகுந்தது. தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலைக் காட்டை அடுத்த ஊர்களில் 2022-இல் ஆடுமாடுகளின் கண்களைக் கெடுத்ததும் இதே எறும்பினமாகும்.

பல்லாண்டுகள் அடங்கிக் கிடந்த எறும்பு பெருகியதற்கு உதவியாக நின்றது மற்றுமொரு சிறு பூச்சி. நம் நாட்டில் புரசு, இலந்தை முதலிய மரங்களில் வளர்க்கப்படும் அரக்குப் பூச்சியின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதுவும் அயலிலிருந்து வந்ததே. மரச்சாற்றை உறிஞ்சி அது வெளிவிடும் இனிப்புநீரே எறும்பின் முதன்மையான உணவு. எறும்பு அப்பூச்சியைப் பகைவரிடமிருந்து காக்கின்றது. பூச்சி எறும்புக்கு உணவளிக்கின்றது. அயலிலிருந்து வந்த இரண்டு உயிர்கள் இவ்வாறு கைகோத்ததனால் நேர்ந்த கேடு, ஒவ்வொன்றும் தனித்திருந்தால் நேரக்கூடியதைவிடப் பன்மடங்கு பெரிது.

2002-இல் பிப்ரோனில் கலந்த எறும்பு உணவு ஹெலிகாப்டரிலிருந்து காட்டின்மீது தூவப்பட்டது. எறும்புகள் பெருமளவில் மடிந்தன. 2009-இலும் 2012-இலும் மீண்டும் தூவ நேர்ந்தது. ஏனெனில் இனிப்புநீர் உள்ளவரை எறும்பு திரும்பவும் பெருகும். நஞ்சு பிற உயிர்களையும் தாக்கக்கூடும் என்ற அச்சமும் இருந்தது. தேங்காய் நண்டு அவ்வுணவை விரும்பித் தின்னுமாதலால், அதனை வேறிடத்துக்கு ஈர்க்கத் தனியே இரை வைக்கவேண்டியிருந்தது.

எறும்பை விடுத்து, அதன் உணவு ஊற்றை அடைக்கும் வழியை லா ட்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர் நாடினர். மலேசியாவில் அப்பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் குளவி ஒன்று உண்டு. அதன் நீளம் இரண்டு மில்லிமீட்டர் அளவே. மனிதரை அது கொட்டுவதில்லை. தீவின் பிற பூச்சிகளுக்கு அதனால் தீங்கில்லை என்பதனைப் பல்லாண்டுகள் சோதித்தறிந்த பின்னரே, 2016 டிசம்பரில் அது தீவிற் கொணர்ந்து விடப்பட்டது. அயலுயிர் இரண்டால் விளைந்த கேட்டை மூன்றாவது அயலுயிரால் தீர்க்க முனைவதில் இத்தகைய எச்சரிக்கை மிகையாகாது. குளவி காட்டிற் பரவி நிலைபெற்றது. கரைக்குத் திரும்பிய குஞ்சுகள் மிகுந்த ஆண்டுகளும் இடையில் வாய்த்தன. முன்னர் ஐந்து கோடி அளவில் மதிக்கப்பட்ட செந்நண்டுகளின் தொகை, பத்துக் கோடியையும் கடந்துள்ளதாகப் பூங்காவினர் மதிப்பிட்டுள்ளனர்.

எறும்பு முற்றும் அழிந்துவிடவில்லை. 2001-இல் தொடங்கிய தீவளாவிய கணக்கெடுப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை நடைபெறுகின்றது. தீவு முழுவதும் கட்டம் கட்டமாகப் பகுக்கப்பட்டு, தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. பூங்காப் பணியாளர் அவ்விடங்களுக்குக் காடும் பாறையும் கடந்து கால்நடையாகச் செல்கின்றனர். ஒவ்வோரிடத்திலும் தரையில் ஓடும் எறும்புகளையும், திறந்துள்ள நண்டு வளைகளின் வாய்களையும் எண்ணிக் குறித்துக்கொள்கின்றனர்.